லைன் லாஸ்: ‘வழிச்சேதாரம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கம்பி வழியே மின்சாரம் போகும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றல்தான் லைன் லாஸ். அதற்குத் தமிழில் ‘மின்னிழப்பு’ போதும் என்று இந்த உரையாடல் இழையில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் அந்தச் சொல் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

மேசை நீளத்துக்கு இரண்டு நிக்ரோம் (மின்தடை அதிகமுள்ள உலோகக் கலவை) கம்பி கட்டுவோம். இரண்டின் தடையும் சேர்ந்து 2 ஓம். ஒரு முனையில் 12 வோல்ட் மாறுமின்னோட்டம், மறுமுனையில் 24 வாட் பல்பு. மூலத்தை ஒட்டியும் அதே மாதிரி ஒரு பல்பு. பக்கத்துப் பல்பு பளிச்சென்று எரியும். தூரத்துப் பல்பு மஞ்சளாக மங்கிக் கிடக்கும். ஏன் என்றால் “வழியில கரண்ட் குறைஞ்சிடுது சார்” என்பார்கள். கம்பியின் தொடக்கத்திலும் முடிவிலும் அம்மீட்டர் வைத்தால் ஒரே அளவுதான் காட்டும். மின்னோட்டம் எங்கும் தொலையவில்லை. ‘மின்னிழப்பு’ என்ற சொல்லோ பிள்ளைகளின் அந்தத் தவறான எண்ணத்துக்கே முட்டுக்கொடுக்கிறது. கம்பியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வெதுவெதுப்பு விரலில் பட்டதும் முகம் மாறும்.

அதனால்தான் ‘வழிச்சேதாரம்’. நகை வாங்கிய எந்த வீட்டுக்கும் சேதாரம் தெரியும்: செய்யும்போது தூளாகப் போவது, சதவீதத்தில் கணக்கிடுவது. இங்கே வெப்பமாகப் போகிறது, அவ்வளவுதான். சேதம் வடசொல்லாயிற்றே என்றால், ஆமாம். ஆனால் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டாத சொல். மின்னழுத்தம் குறைவதை ‘அழுத்த இறக்கம்’ என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஏற்று மின்மாற்றியால் 48 வோல்ட்டாக்கி, மறுமுனையில் இறக்கு மின்மாற்றியால் 12 ஆக்குவோம். அதே திறனுக்கு மின்னோட்டம் நாலில் ஒன்று; சேதாரம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வழிச்சேதாரம் பதினாறில் ஒன்று. தூரத்துப் பல்பு வெளுத்து எரியும். (வெற்றுக் கம்பியில் 48க்கு மேல் ஏற்றாதீர்கள்.) சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு நேர்மின்னோட்டத்தை 800 கிலோவோல்ட்டில் கொண்டுவருவது ஏன் என்று அதன்பிறகு அவர்களே சொல்வார்கள்.

சொல் கிளைக்கவும் செய்கிறது: மின்மாற்றிக்குள் செப்புக் கம்பிச் சுற்றில் போவது செப்புச் சேதாரம், இரும்பு உள்ளகத்தில் போவது இரும்புச் சேதாரம். கொக்கி போட்டுத் திருடுவதும் மீட்டர் ஓடாததும் சேதாரம் ஆகாது. அவற்றுக்கு ‘இழப்பு’ என்பதே இருக்கட்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.