மெய்நிகர் வட்டில் கோப்புகளை அழித்தும் ஹோஸ்டில் இடம் திரும்பவில்லை

தேக்காவாசி:
வணக்கம். எங்கள் தொண்டர் குழுவின் தைப்பூசக் காணொளிகளும் உறுப்பினர் பட்டியலும் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள் வழி இயங்கும் டெபியன் லினக்ஸ் மெய்நிகர் கணினி ஒன்றில் உள்ளன. மூலப் பதிவுகளை வெளிவட்டுக்கு மாற்றிவிட்டு அழித்த பிறகு, உள்ளே 210 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் உள்ளது. ஆனால் ஹோஸ்டில், அதாவது அதை இயக்கும் உண்மைக் கணினியில், அதன் வட்டாக இருக்கும் க்யூகவ்2 கோப்பு இன்னும் 640 ஜிபியை அடைத்துக்கொண்டிருக்கிறது. கோப்பு முறைமை இஎக்ஸ்டி4. அதற்குக் கீழே லக்ஸ் மறையாக்கம் உண்டு. சில நூறு வெள்ளி செலவழித்துப் புதிய வட்டு வாங்கத்தான் வேண்டுமா?

ஈசூன் நிர்வாகி:
வேண்டாம். ஒரு கோப்பை அழிக்கும்போது கோப்பு முறைமை அந்தப் பகுதிகளைத் தன் கணக்கில் மட்டுமே காலியெனக் குறித்துக்கொள்கிறது. ‘இப்பகுதிகள் இனி வேண்டாம்’ என்று சொல்லும் டிஸ்கார்ட் கட்டளை கீழே உள்ள ஒவ்வோர் அடுக்கையும் கடந்து சென்றால்தான் ஹோஸ்ட் அவற்றை விடுவிக்கும். மெய்நிகர் வட்டை நடத்தும் கியூஎமு மென்பொருள் இயல்பாகவே அக்கட்டளையைப் புறக்கணிப்பதால், வட்டின் வரையறையில் டிஸ்கார்டுக்கு அன்மேப் என்ற மதிப்பைக் கொடுத்து, மெய்நிகர் கணினியை முழுமையாக நிறுத்தித் தொடங்குங்கள். விர்ட்ஐஓ-பிளாக் வகை வட்டாயின் கியூஎமு 4.0, லினக்ஸ் 5.0 அல்லது அவற்றுக்குப் பிந்தைய பதிப்புகள் தேவை. விர்ட்ஐஓ-ஸ்கஸியில் இந்த வசதி அதற்கு முன்பே இருந்தது. லக்ஸும் இயல்பில் டிஸ்கார்டைக் கீழே அனுப்பாது. மறையாக்க வட்டுகளைப் பட்டியலிடும் கிரிப்டேப் கோப்பில் அதைத் தனியாக அனுமதிக்க வேண்டும். மெய்நிகர் கணினியினுள், வட்டு அடுக்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் பெரிய டி விருப்பத்துடன் இயக்கினால், எந்த அடுக்கில் 0 வருகிறதோ அங்கேதான் தடை. தடை நீங்கியபின், காலிப் பகுதிகளுக்கு டிஸ்கார்டை அனுப்பும் எஃப்எஸ்டிரிம் கட்டளையை இயக்குங்கள்.

பழைய வழிகாட்டிகள் சில, காலியிடத்தைச் சுழியங்களால் நிரப்பச் சொல்லும். உங்கள் வட்டில் அது கேடாகவே முடியும்: மறையாக்கத்தைக் கடந்த சுழியங்கள் சுழியங்களாக இராமையால் கோப்பு சுருங்காது, மேலும் பெருகும்.

பாசிர் ரிஸ் வாசகர்:
மேலே சொன்னது சரியே. எனினும் கோப்பினுள் பழைய ஸ்நாப்ஷாட் (வட்டின் முந்தைய நிலையின் பதிவு) இருந்தால், டிரிம் செய்தாலும் அது பிடித்துவைத்துள்ள பகுதிகள் விடுபடா. அது தேவையற்றது என்பது உறுதியானால், டிரிம் செய்த பிறகு மெய்நிகர் கணினியை நிறுத்தி, கியூஎமு-இமேஜ் கன்வெர்ட் மூலம் புதிய க்யூகவ்2 கோப்பாக வேறொரு வட்டில் படியெடுங்கள். உட்புற ஸ்நாப்ஷாட் புதிய கோப்புக்கு வராது. அளவை எல்எஸ் கட்டளையால் மட்டும் பார்க்காதீர்கள். நடுவில் துளைகள் விழுந்த கோப்பின் நீளம் குறையாமலே இருக்கும். உண்மையில் பிடித்துள்ள இடத்தை டியூ கட்டளைதான் காட்டும்.

தேக்காவாசி:
இருவருக்கும் நன்றி. லக்ஸ் அடுக்கில்தான் 0 வந்தது. மேம்பாட்டுக்கு முன் எடுத்த ஸ்நாப்ஷாட் ஒன்றும் இருந்தது. டிரிமும் படியெடுப்பும் முடிந்தபின் கோப்பு 215 ஜிபிக்கு வந்துவிட்டது. லக்ஸில் டிஸ்கார்டை நிரந்தரமாக அனுமதிப்பதால் பாதுகாப்புக் குறையுமா?

ஈசூன் நிர்வாகி:
எந்தப் பகுதிகள் காலி என்பது வெளியிலிருந்து தெரியும், உள்ளடக்கம் தெரியாது. வீதியில் எல்லோரும் கண்ட ஊர்வலத்துக்கும் ஓர் உறுப்பினர் பட்டியலுக்கும் அந்தக் கசிவு பெரிதன்று என்பது என் கருத்து. மவுண்ட் விருப்பத்தில் டிஸ்கார்டைச் சேர்ப்பதைவிட, வாரந்தோறும் இயங்கும் எஃப்எஸ்டிரிம் டைமரை இயக்கிவைப்பதே போதும்.