தினம் பத்து நிமிடம் நோட்டில் சிக்குக் கோலம்: எத்தனை புள்ளி, என்ன பேனா?

மழைத்துளி:
வேலை முடிந்ததும் பத்து நிமிடம் பேனாவால் எதையாவது கிறுக்கி மனதை ஆற்றிக்கொள்ள ஆசை. வெறும் தாள் என்றால் என்ன வரைவது என்ற யோசனையே பாரமாகிவிடுகிறது. அதனால் சின்னதாகச் சிக்குக் கோலம் போடலாம் என்று பார்க்கிறேன். ஆனால் 3-க்கு 3 புள்ளி வைத்தால், கம்பி பாதியிலேயே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஏன்? நோட்டு, பேனா பற்றியும் சொல்லுங்கள்.

நெளிகோடு:
உங்கள் கையில் தப்பில்லை, புள்ளிக் கணக்குதான் காரணம். நேர்ப்புள்ளி வைத்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கம்பி ஒன்றையொன்று வெட்டும்படி போட்டால், வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள மிகப் பெரிய பொது வகுத்தி எத்தனையோ அத்தனை கம்பி வரும். 3×3-க்கு மூன்று. 4×6-க்கு இரண்டு. 3×4, 4×5, 5×7 எல்லாம் ஒரே கம்பி. ஆறுதலுக்காகப் போடுகிறவர்களுக்கு 3×4 போல நல்லது வேறில்லை. அடுத்து எங்கே போவது என்று முடிவெடுக்கும் வேலையே கிடையாது.

போடும் விதம்: கம்பி எப்போதும் இரண்டு புள்ளிக்கு நடுவே சாய்வாக நுழையும். ஓரத்துப் புள்ளி வந்தால் அதன் வெளிப்பக்கமாகச் சின்னதாக வளைந்து உள்ளே திரும்பும். மூலைப் புள்ளியை அரைவட்டமாகச் சுற்றி வரும். 3×4-இல் மொத்தம் 17 இடத்தில் வெட்டு விழும். முடித்ததும் எண்ணுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் கம்பி ஒருமுறைதான் போயிருக்கிறது என்றால், அதற்குப் பக்கத்தில்தான் திருப்பம் தவறியிருக்கும்.

தாரகை:
கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். இரண்டு கட்டத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள். அப்போது வெட்டு விழும் இடமும் சரியாக ஒரு கட்ட முனையில் அமையும், கண்ணுக்கு வழி தெரியும். புள்ளிகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதைவிட நெருக்கினால் வளைவுகள் முனை முனையாக உடையும், விரலும் இறுகிவிடும்.

சாதாரண பால்பாயின்ட் பேனாவே எடுங்கள். ஜெல் பேனா வழுக்கிக்கொண்டு போகும், நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெட்டு விழும் இடத்தில் ஈரம் காயாமல் மேல்கோடு இழுத்துவிடும். இடக்கைக்காரர்களுக்கு இது இன்னும் தொல்லை. பென்சில், ரப்பர் வேண்டவே வேண்டாம். அழிக்க வழி இருந்தால் மனம் திருத்துவதிலேயே நிற்கும். கோடு பிசகினால் அப்படியே விட்டு, பக்கத்தில் புதிதாகப் புள்ளி வையுங்கள்.

வளைவு நடுங்கினால் காரணம் பெரும்பாலும் பிடிதான். பேனாவை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே தளர்த்திப் பிடியுங்கள். மணிக்கட்டை ஊன்றி விரலால் மட்டும் திருப்பாமல், முன்கையும் சேர்ந்து நகரட்டும். கை எட்டாத திருப்பத்துக்கு நோட்டைச் சுழற்றிக்கொள்ளலாம்.

கணக்கன்:
நெளிகோடு சொன்னதோடு ஒன்று. 3×3-ஐக் கைவிட வேண்டியதில்லை. மூன்று கம்பியையும் மூன்று நிறத்தில் போடுங்கள். இரண்டு நிறம் வெட்டும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே வெட்டாமல் இரண்டு கம்பியையும் வந்த பக்கமே வளைத்துத் திருப்பினால் அவை ஒன்றாகிவிடும். மூன்றாம் நிறத்தோடும் அப்படியே ஓர் இடத்தில் செய்தால் முழுக் கோலமும் ஒரே கம்பி. ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட கம்பி தன்னையே வெட்டும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள், அது இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும்.

மழைத்துளி:
மிக்க நன்றி. மீட்டிங்கில் கேட்டுக்கொண்டே போடலாமா?

நெளிகோடு:
3×4 பழகிய பிறகு தாராளமாக. இங்கிலாந்தின் பிளைமத் பல்கலைக்கழக உளவியலாளர் ஜாக்கி ஆன்ட்ரேட் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 40 பேருக்குச் சலிப்பூட்டும் ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கக் கொடுத்தார்கள். அச்சிட்ட வடிவங்களுக்குள் பென்சிலால் நிரப்பிக்கொண்டே கேட்டவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நேர்த்தியும் வேகமும் முக்கியமில்லை என்று அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார்கள். கவனியுங்கள், அது யோசிக்கத் தேவையில்லாத வேலை. கணக்கன் சொன்ன 3×3 இணைப்புக்கு யோசனை வேண்டும், அதை மீட்டிங்கில் எடுத்தால் பேச்சு காதில் விழாது. அதே காரணத்துக்காக, போனில் வரும் 21 புள்ளிக் கோலங்களையும் ஆறுதலுக்கென்று நகலெடுக்காதீர்கள். படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்ப்பதிலேயே கண் களைத்துவிடும்.