வாராந்திர மளிகைக் கணக்கும் சாப்பாட்டுக் குறிப்பும்: தொகை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

கேள்வி

வணக்கம். வீட்டில் நாலு பேர்: பெரியவர்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். ஆறு வாரமாக மளிகை, காய்கறி, பால் என எல்லா பில்லையும் ஒரு ஷீட்டில் ஏற்றி வருகிறேன். தேதி, கடை, தொகை என்று மூன்றே பத்தி. பக்கத்தில் அன்றன்று என்ன சமைத்தோம் என்றும் எழுதுகிறேன்.

ஒரு வாரத் தொகை முந்தைய வாரத்தைப் போல இரண்டரை மடங்கு வருகிறது, அடுத்த வாரம் பாதியாகிறது. சாப்பாட்டுக் குறிப்பைப் பார்த்தால் இரண்டு வாரமும் ஏறக்குறைய ஒரே சமையல்தான். எந்த வாரம் சிக்கனமாக இருந்தோம், எதில் கை தாராளமாகப் போனது என்று இதிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. இந்த இரண்டு குறிப்பையும் எப்படி இணைப்பது? எவ்வளவு நுணுக்கமாக எழுதினால் போதும்?

பதில் 1

உங்கள் கணக்கில் பிழை இல்லை. நீங்கள் எழுதுவது வாங்கிய கணக்கு, தெரிந்துகொள்ள நினைப்பது தின்ற கணக்கு. 10 கிலோ அரிசி மூட்டை வாங்கிய வாரத்தில் 10 கிலோவும் தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் பணம் மொத்தமும் அந்த வாரத்தின் தலையில் விழுகிறது.

முதலில் பில்லை நாலாகப் பிரியுங்கள். ஒன்று, உடனே தீர்கிற சரக்கு: பால், காய், பழம், ரொட்டி, மீன், இறைச்சி. இரண்டு, இருந்து தீர்கிற சரக்கு: அரிசி, மாவு, பருப்பு, எண்ணெய், சர்க்கரை. மூன்று, சாப்பிடாத சாமான்: சோப்பு, துணிப்பொடி, குப்பைப் பை. நான்கு, வெளியில் வாங்கிச் சாப்பிட்டது. மூன்றாவதைத் தனியே எடுத்து வைத்தாலே பல வீடுகளில் பாதிக் குழப்பம் தீரும், ஏனென்றால் ஒரே பில்லில் வருவதால் அதுவும் சாப்பாட்டுச் செலவாக எண்ணப்படுகிறது.

முதல் வகைக்கு வாங்கியதே செலவு. இரண்டாவது வகைக்குக் கடைக்காரர் போடும் கணக்கையே போடுங்கள்: ஆரம்ப இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் இறுதி இருப்பு. உதாரணமாக எண்ணெய்: வார ஆரம்பத்தில் 1.2 லிட்டர் இருந்தது, 5 லிட்டர் வாங்கினீர்கள், வாரக் கடைசியில் 5.4 லிட்டர் இருக்கிறது. தீர்ந்தது 0.8 லிட்டர். கடைசியாக வாங்கிய விலையில் அந்த 0.8 லிட்டருக்கு என்ன மதிப்போ, அதுதான் அந்த வாரத்தின் எண்ணெய்ச் செலவு. பழைய விலைச் சரக்கு எவ்வளவு, புது விலைச் சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டாம். வீட்டுக் கணக்குக்கு அது வீண் வேலை.

இருப்பு எடுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், கடைக்குப் போவதற்கு முன். கடைக்குப் போய்வந்து சாமானை டப்பாவில் கொட்டிவிட்டு எடை பார்த்து, பில்லை மறுநாள் ஏற்றினால் கணக்கு தலைகீழாகும். தீர்ந்த அளவு மைனஸில் வந்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: ஒரு பில் விட்டுப்போயிருக்கும், அல்லது சாமான் வந்த பிறகு இருப்பு எடுத்திருப்பீர்கள்.

இனி சாப்பாட்டுக் குறிப்பு. சமைத்ததன் பெயர் மட்டும் எழுதினால் அதைச் செலவோடு சேர்க்க வழியில்லை. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று எழுதுங்கள். நாலு பேர், மூன்று வேளை, ஏழு நாள்: 84 ஆள்வேளை (ஒரு ஆள் ஒரு வேளை சாப்பிட்டால் ஓர் ஆள்வேளை). பிள்ளைகள் இருவரும் ஐந்து நாள் மதியம் வெளியில் சாப்பிட்டால் 10 குறைந்து 74. கட்டிக்கொண்டு போன சாப்பாடு வீட்டுச் சாப்பாடுதான், அதைக் கழிக்கக் கூடாது. விருந்தாளி வந்தால் கூட்டுங்கள். பிறகு வாரச் செலவை ஆள்வேளையால் வகுத்தால் ஒரு வேளைக்கு ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று கிடைக்கும். பள்ளி விடுமுறை வாரத்தில் 74 மறுபடி 84 ஆகும். அப்போது செலவு 13.5 சதவீதம் ஏறினாலும் யாரும் தாராளமாகச் செலவழிக்கவில்லை, சாப்பிட்ட வாய் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது ஒருநாளும் தெரியாது.

சின்னக் குழந்தையை அரை ஆள் என்று வைக்கலாம். ஆனால் ஒருமுறை வைத்ததை நடுவில் மாற்றினால் பழைய வாரங்களோடு ஒப்பிட முடியாது.

பதில் 2

மேலே சொன்ன கணக்கு சரிதான். ஆனா வாராவாரம் எல்லா டப்பாவையும் எடை மெஷின்ல தூக்கி வைக்கிறது மூணாவது வாரத்துல நின்னுடும். இருப்புக் கணக்கு பாதியில நிக்கிறதுக்குப் பெரும்பாலும் காரணமே இந்த எடை போடுற வேலைதான்.

அதுக்குப் பதிலா, திறந்த தேதியை எழுதுங்க. ஒரு மார்க்கர் பேனாவை அடுப்படியிலயே கட்டித் தொங்க விடுங்க. பாக்கெட்டைப் பிரிக்கிறப்ப அது மேலயே தேதி. தீர்ந்ததும் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி, தீர்ந்த தேதியையும் சேர்த்து ஷீட்ல ஒரு வரி. 5 லிட்டர் எண்ணெய் 41 நாள் வந்தா, 5ஐ 41ஆல வகுத்து 7ஆல பெருக்குங்க: வாரத்துக்கு 0.85 லிட்டர். எடை மெஷினே தேவையில்லை. டப்பாவில மாத்திக் கொட்டுற சரக்குன்னா டப்பா மூடியில ஒரு துண்டு காகித டேப் ஒட்டி அதுல எழுதுங்க. பிளாஸ்டிக் மேல நேரா எழுதினா கழுவுறப்ப அழியும், இல்லேன்னா அழியவே அழியாது.

இதுல ஒரு குறை இருக்கு, அதையும் சொல்லிடணும். பாக்கெட் தீர்ற வரைக்கும் அந்தப் பொருளோட வேகம் தெரியாது, அதனால இந்த வாரம் கூடுச்சா குறைஞ்சுச்சான்னு உடனே சொல்ல முடியாது. பழசு மிச்சம் இருக்கிறப்பவே அது மேல புதுசு கொட்டுற பழக்கம் இருந்தாலும் இது வேலைக்கு ஆகாது. பழசு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் புதுசைக் கொட்டணும்.

அதனால அரிசி, எண்ணெய், பருப்பு மாதிரி செலவை இழுக்கிற நாலஞ்சு சரக்குக்கு மட்டும் வாராவாரம் இருப்பு. மத்ததுக்குத் திறந்த தேதி. மசாலா, உப்பு, தேயிலைக்கெல்லாம் அதுகூட வேண்டாம், பிரிச்ச வாரத்துலயே செலவுன்னு எழுதிட்டு விட்டுடுங்க.

அரிசி டப்பாவுக்கு எடை மெஷின் இல்லாமலே இருப்பு எடுக்கலாம். காலி டப்பாவில 1 கிலோ பாக்கெட்டை ஒண்ணொண்ணாக் கொட்டி, ஒவ்வொரு தடவையும் குலுக்கி மட்டம் பண்ணி, வெளியில டேப்ல கோடு போடுங்க. ஒருதடவை செஞ்சா போதும். டப்பா ஒளி ஊடுருவுறதா இருக்கணும், பருப்புக்கு வேற கோடு, அரிசிக்கு வேற கோடு. ஒரே டப்பாவுல மாத்தி மாத்திப் போட்டா அளவு தப்பும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. வாங்கிய கணக்கு, தின்ற கணக்கு என்று பிரித்ததும் இப்போதுதான் விளங்குகிறது. இன்னும் மூன்று சந்தேகம். மாத பட்ஜெட்டை நாலால் வகுத்து வார பட்ஜெட்டாக வைத்திருக்கிறேன், வருடக் கடைசியில் எப்போதும் இடிக்கிறது, ஏன்? பில்லின் அடியில் மொத்தமாகக் கழிக்கும் தள்ளுபடியை எந்தப் பொருளில் சேர்ப்பது? மிஞ்சிய சாப்பாட்டை எப்படி எழுதுவது?

பதில் 3

ஷீட் சம்பந்தப்பட்ட இரண்டுக்கும் நான் சொல்கிறேன்.

வருடத்துக்கு 52 வாரம். மாதத் தொகையை நாலால் வகுத்து 52 வாரம் செலவழித்தால் 13 மாதத் தொகை போய்விடும். அந்தப் பதின்மூன்றாவது மாதம்தான் உங்களை இடிக்கிறது. மாதத் தொகையை 12ஆல் பெருக்கி 52ஆல் வகுங்கள், அதாவது ஏறக்குறைய 4.33ஆல் வகுப்பது.

வாரத்தைப் பிரிக்க வீக்நம் (WEEKNUM, தேதிக்கு வார எண் தருவது) சூத்திரம் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். அது வழக்கமாக ஞாயிறில் வாரத்தைத் தொடங்கும், ஜனவரி 1 வந்ததும் மறுபடி 1 என்று எண்ணத் தொடங்கும். 2026 டிசம்பர் 28 திங்கள், 2027 ஜனவரி 1 வெள்ளி. ஒரே வாரம் இரண்டு துண்டாகி, இரண்டும் செலவு குறைந்த வாரம்போலத் தெரியும். வார எண்ணே வேண்டாம், அந்த வாரத் திங்கட்கிழமையின் தேதியை வார அடையாளமாக வையுங்கள். தேதியிலிருந்து வீக்டே (WEEKDAY, கிழமைக்கு எண் தருவது) மதிப்பைக் கழித்து 1 கூட்டினால் திங்கள் வரும். வீக்டே சூத்திரத்தில் இரண்டாவது எண்ணாக 2 கொடுக்க வேண்டும், அப்போதுதான் திங்கள் 1 ஆகும்.

தள்ளுபடி: குறிப்பிட்ட பொருளுக்கு என்று பில்லிலேயே போட்டிருந்தால் அந்த வரியில் கழியுங்கள். மொத்தத்துக்கு என்றால் விகிதப்படி. வரிகளின் கூட்டு 800, கட்டியது 760 என்றால் 0.95ஆல் ஒவ்வொரு வரியையும் பெருக்குங்கள். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்ததை இரண்டு வரியாக எழுதாதீர்கள். இலவச வரியில் விலை 0 என்று இருந்தால், பிற்பாடு குறைந்தபட்ச விலையைத் தேடும்போது அந்தப் பொருள் சும்மா கிடைத்ததாகக் காட்டும். அளவு 2, தொகை கொடுத்த தொகை, ஒரே வரி.

உங்கள் மூன்று பத்தி போதாது. தேதி, கடை, பொருள், வகை, அளவு, அலகு, தொகை என்று ஏழு வேண்டும், எட்டாவதாக ஓர் அலகின் விலையைச் சூத்திரமே போடட்டும். பாக்கெட் விலை மாறாமல் உள்ளே 1 கிலோ 900 கிராமாகச் சுருங்கினால், அந்த எட்டாவது பத்தியில்தான் 11 சதவீத விலையேற்றமாக வெளிப்படும்.

சத்தமில்லாமல் கணக்கைக் கெடுப்பவை சில. அளவுக் கட்டத்தில் "2 கிலோ" என்று தட்டினால் அது எண் அல்ல, எழுத்து. கூட்டும்போது ஷீட் பிழை எதுவும் காட்டாமல் அதை விட்டுவிடும். எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அந்தப் பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை கண்ணால் ஓட்டினால் பிடித்துவிடலாம். கிராமும் கிலோவும் கலப்பது அடுத்தது: 500 கிராமை 500 என்று எழுதினால் அரை டன் பருப்பு வாங்கியதாகும். எல்லாம் கிலோ அல்லது லிட்டர் என்று வைத்து 0.5 என்றே எழுதுங்கள். எண்ணெயில் சிலது லிட்டரில், சிலது கிலோவில் வரும். சமையல் எண்ணெய் 1 லிட்டர் சுமார் 0.92 கிலோதான், மாற்றாமல் ஒப்பிட்டால் லிட்டரில் வருவது மலிவாகத் தோன்றும்.

பொருளின் பெயரைத் தட்டவே தட்டாதீர்கள், கீழிறங்கு பட்டியலிலிருந்து (dropdown) தேர்ந்தெடுங்கள். பெயருக்குப் பின் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தாலும் ஷீட் அதை வேறு பொருளாக எண்ணும். தமிழில் தட்டுபவர்களுக்கு இன்னொரு வம்பு: வெள்ளரியில் "வெள்" என்று வர வேண்டிய இடத்தில் "வௌ்" விழுந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஷீட்டுக்கு இரண்டு வெள்ளரி.

பில்லை வந்த அன்றே படம் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான பில் வெப்பத் தாளில் அச்சாவது. வெயிலிலோ பிளாஸ்டிக் உறைக்குள்ளோ கிடந்தால் எழுத்து மங்கிவிடும்.

பதில் 1

மிஞ்சிய சாப்பாட்டுக்கு: சமைத்த அன்று எத்தனை ஆள்வேளைக்குச் சமைத்தது, எத்தனை சாப்பிட்டது என்று இரண்டு எண் எழுதுங்கள். 6க்குச் சமைத்து 4 சாப்பிட்டால் 2 மிச்சம். மறுநாள் அந்த 2ஐ "மிச்சம்" என்று எழுதுங்கள், பொருட்செலவு எதையும் மறுபடி சேர்க்காதீர்கள். மறுநாள் குறிப்பில் அந்த 2 வரவில்லை என்றால் அது குப்பைக்குப் போயிருக்கிறது. எவ்வளவு குப்பைக்குப் போனது என்று இப்படி யாரையும் கேட்காமலே தெரிந்துவிடும்.

கொட்டியதற்கு ஒரு தனிப் பத்தி வைத்துக் காரணத்தையும் எழுதுங்கள்: வாங்கி வைத்துக் கெட்டது, சமைத்து மிஞ்சியது, சமைக்கும்போது வீணானது. இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்குக் குறைவாக, அடிக்கடி வாங்க வேண்டும். இரண்டாவதற்குச் சமைக்கும் அளவைக் குறைக்க வேண்டும். மொத்தமாக "வீண்" என்று எழுதினால் எதைச் சரிசெய்வது என்று தெரியாது. தோல், விதை, காம்பை இதில் சேர்க்காதீர்கள். ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, உலக அளவில் வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ உணவு வீணாவதாகச் சொல்கிறது, வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஆனால் அதில் தோலும் எலும்பும் அடக்கம், அதனால் உங்கள் பத்தியை அந்த எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில், 5 டிகிரிக்குக் கீழே வையுங்கள். பாத்திரத்தின் மேல் சமைத்த தேதியை ஒட்டுங்கள், மூன்று நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். தேதி ஒட்டாத பாத்திரம்தான் பெரும்பாலும் பின்வரிசைக்குப் போய்க் கெட்டுப்போகும்.

பதில் 2

இதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. அடுத்த வாரச் சமையல் பட்டியலைக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, இருப்பு எடுத்த உடனே போடுங்க. முதல் மூணு நாளைக்குச் சீக்கிரம் வாடுற கீரை, தக்காளி. வாரக் கடைசிக்கு உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், முட்டை. ஏழு நாளையும் நிரப்பாதீங்க, ஒரு நாளைக் காலியா விடுங்க, மிச்சமெல்லாம் அன்னைக்குத் தீரும். பட்டியலுக்குப் பக்கத்துல "நடந்தது"ன்னு இன்னொரு பத்தி இருக்கட்டும். போட்டது ஒண்ணு, சமைச்சது ஒண்ணுன்னு எந்தக் கிழமையில அடிக்கடி மாறுதுன்னு நாலு வாரத்துல தெரிஞ்சுடும், அந்தக் கிழமைக்கு இனிமே கடினமான சமையலைப் போடாம இருந்தா சரி.