பிரெஞ்சு தெரியாத டியுவானா பிரெஞ்சில் நினைப்பது ஏன்?

மேகலை, திருவல்லிக்கேணி:
சென்ற ஞாயிறன்று எழும்பூரில் ஒரு சிறிய அரங்கில், செனகல் நாட்டு இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘லா நுவார் த…’ படத்தைப் பார்த்தேன். செனகலின் தலைநகர் டக்காரிலிருந்து பிரான்சின் ஆன்டிப் நகருக்கு வீட்டு வேலைக்குச் செல்லும் டியுவானா, எசமானர்களிடம் ஓரிரு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. ஆனால் அவளுடைய மனக்குரல் தங்குதடையற்ற பிரெஞ்சில் படம் நெடுக ஒலிக்கிறது. இது காலனியத்தைச் சாடும் உத்தியா, சூழ்நிலை திணித்த சமரசமா? பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் படங்களில் ஒலியும் காட்சியும் முரண்படுவதை அரசியல் என்று கொண்டாடும் நாம், இதை மட்டும் குறை என்பது நியாயமா?

கூத்தன், அடையாறு:
சமரசம் என்றே நான் கருதுகிறேன். அந்தக் குரல் நடித்த பெண்ணுடையதுகூட அல்ல. ஹைத்தியில் பிறந்த டோட்டோ பிசாந்த் பின்னர் பதிவுசெய்து கொடுத்தது. நாவலாசிரியராக இருந்த செம்பேன், எழுத்தறியாத தம் மக்களை எட்டவே திரைப்படத்துக்கு வந்தவர். அடுத்து 1968இல் ‘மண்டபி’ படத்தைச் செனகல் மக்கள் பேசும் வொலோஃப் மொழியில் எடுத்தார், கூடவே பிரெஞ்சு வடிவம் ஒன்றும் உருவானது. நம் பழைய படங்களில் குப்பத்து மனிதர்கள் செந்தமிழ் பேசியதை யாரும் உத்தி என்று சொன்னதில்லையே!

இளவேனில், பெரம்பூர்:
கூத்தன் ஐயாவின் தகவல்களை மறுக்கவில்லை, முடிவை மறுக்கிறேன். சமரசமாகத் தொடங்கியது படத்துக்குள் வேறொன்றாகிவிடுகிறது. தாயின் பெயரில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. எசமானன் அதை வாசித்துக் காட்டி, அவளைக் கேளாமலே பதிலையும் எழுதத் தொடங்க, அவள் கடிதத்தைக் கிழித்தெறிகிறாள். பிறர் தன் பெயரில் பேசுவதை மறுக்கும் அவளே இரவல் குரலில்தான் நமக்குக் கேட்கிறாள் என்பது உறுத்துகிறது, அந்த உறுத்தலே படத்தின் அரசியல். தலைப்பும் அப்படித்தான்: ‘இன்னாருடைய கறுப்புப் பெண்’ என்பதில் அந்த ‘இன்னார்’ யாரென்று சொல்லாமல் புள்ளி வைத்து நிறுத்திவிட்டார்.

மாறாக, இன்னொரு செனகல் இயக்குநரான ஜிப்ரில் டியோப் மாம்பெட்டியின் ‘டூக்கி பூக்கி’யில் (1973) ஒலி வெளிப்படையாகவே கிண்டல் செய்கிறது. கொம்பு பூட்டிய மோட்டார் சைக்கிளில் திரியும் காதலர்களின் பாரிஸ் கனவின் மேல் பாடகி ஜோசஃபின் பேக்கரின் ‘பாரி, பாரி, பாரி’ பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்து, கடைசியில் காது புளித்தே போகிறது.

மேகலை:
நன்றி. இறுதிக் காட்சியை இப்போது மீண்டும் எண்ணிப் பார்க்கிறேன். டியுவானா இறந்தபின் எசமானன் அவளுடைய பொருள்களையும், முன்பு அவள் அவர்களுக்குப் பரிசளித்த முகமூடியையும் டக்காரில் ஒப்படைக்கச் செல்கிறான். அம்முகமூடியை அணிந்த சிறுவன் ஒரு சொல்லும் பேசாமல் பின்தொடர, எசமானன் காருக்கு விரைகிறான். அங்கே அவளுடைய பிரெஞ்சுக் குரல் இல்லை. சிறுவன் முகமூடியைக் கழற்றி நம்மைப் பார்க்கிறான்.