சிபிஎல் வாங்கியாச்சு, வேலை? எங்கள் வீட்டு அனுபவம்

பல்லாவரத்தில் இருக்கிறோம். தம்பிக்குக் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் ஏர்லைன் வேலை அமையவில்லை. பிளஸ் டூ முடித்த பிள்ளையை இதில் சேர்க்க நினைக்கும் பெற்றோருக்காகவே எழுதுகிறேன்.

2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்கப்போவதாக அறிவித்தது, இண்டிகோ ஒரேயடியாக 500 ஏர்பஸ்ஸுக்கு ஆர்டர் கொடுத்தது. பைலட்டுக்குத் தட்டுப்பாடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அந்த விமானங்கள் வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். தட்டுப்பாடு பெரும்பாலும் கேப்டன்களுக்குத்தான். கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், சிபிஎல் வாங்கும்போது கையில் இருப்பதோ 200 மணி நேரம். அதே 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் ஏர்லைன் நின்றுபோனது. ஏர்பஸ் ஏ320 விமானம் ஓட்டிப் பழகிய அதன் பைலட்டுகளும் வேலை தேடி வந்தார்கள். அவர்களோடு புதுப் பையன் எப்படிப் போட்டி போடுவான்?

செலவும் லைசென்ஸோடு முடிவதில்லை. சின்ன விமானத்தில் பழகியவன் ஏ320-க்கோ போயிங் 737-க்கோ தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி, எடுக்க வேண்டும், அதற்கே பல லட்சம். வேலை இல்லாவிட்டாலும் கிளாஸ் 1 மெடிக்கல் என்ற உடல்தகுதிச் சான்றையும், கருவிகளைப் பார்த்தே விமானம் ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வீட்டை அடமானம் வைப்பவர்கள் இந்தக் காத்திருப்புக் காலத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், தயவுசெய்து.

கிண்டியில் ஒரு ஹோட்டலில் நடந்த பைலட் பயிற்சிக் கருத்தரங்குக்கு அம்மாவோடு போயிருந்தேன். மேடையில் பேசியவர் வேலை நூறு சதவீதம் உறுதி என்றார். அம்மா எழுந்து, "அதை எழுதித் தருவீங்களா சார்?" என்று கேட்டார். அவர் பேச்சை மாற்றி, வங்கிக் கடன் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஒரு அப்பா அன்றைக்கே முன்பணம் கட்டினார். எனக்கு மனசே ஆறவில்லை.

இதே நிலையில் இருந்து வேலை கிடைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்.

— — —

அக்கா, நான் மடிப்பாக்கம். இப்போது ஏ320-இல் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் (துணை விமானி). நானும் நீண்ட நாள் காத்திருந்தவன்தான். தம்பியைச் சும்மா உட்கார விடாதீர்கள். நான் ஒரு ஃப்ளையிங் ஸ்கூலில் அசிஸ்டன்ட் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தேன். சம்பளம் குறைவு, ஆனால் மணி நேரம் ஏறியது, கையும் விட்டுப்போகவில்லை.

இன்னொன்று, ஏர்லைன் அழைப்பு திடீரென்று வரும், தயாராகப் பெரிதாக நேரம் கிடைக்காது. எனக்கு எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர், நேர்முகம் என்று வரிசையாக வைத்தார்கள். என்னோடு வந்தவர்களில் பலர் எழுத்துத் தேர்விலேயே நின்றுவிட்டார்கள். லைசென்ஸுக்காக டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பரீட்சைக்குப் படித்த நேவிகேஷன், வானிலை, ரெகுலேஷன்ஸ் எல்லாம் அப்போது மறந்திருந்தது. தினமும் கொஞ்சமாவது புரட்டச் சொல்லுங்கள். டைப் ரேட்டிங்குக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். எந்த ஏர்லைன் என்று தெரிந்த பிறகு அவர்களுடைய விமானத்துக்கு எடுப்பதுதான் நல்லது. சந்தேகம் இருந்தால் தம்பியையே கேட்கச் சொல்லுங்கள் அக்கா, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.