டெய்லி ஆபீஸ் போய் வர ஸ்போர்ட்டியான கார், வேலூர் ரோட்டுக்கு ஒத்து வருமா?

காட்பாடி_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். வீடு காட்பாடி காந்தி நகர், வேலை ராணிப்பேட்டை சிப்காட். காலைல திருவலம் வழியா போயிடுவேன், சாயங்காலம் பாதி நாள் வேலூர் டவுன்ல ஏதாவது வேலை இருக்கும், அதனால ஹைவே புடிச்சு கிரீன் சர்க்கிள் வந்து பாலாத்து பாலம் ஏறி வீட்டுக்கு வருவேன். இப்ப இருக்கிறது அப்பா வாங்கின பழைய டீசல் செடான். வண்டில ஒரு குறையும் இல்ல, ஓட்டறப்ப தூக்கம் வருதுங்கறத தவிர.

சின்ன வயசுலேர்ந்து ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்னா உயிர். ஆனா மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஒண்ணு நம்ம ஊர்ல விக்கவே இல்ல, வெளிநாட்லேர்ந்து இறக்கினா வரி கட்டற காசுலயே இன்னொரு கார் வந்துடும். அதனால கனவ கொஞ்சம் சுருக்கி ஹூண்டாய் ஐ20 என் லைன் புதுசு, இல்லனா செகண்ட் ஹேண்ட்ல ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ் ஜிடி 1.5, போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் அபார்த் புன்டோ இதுல ஒண்ணுன்னு வந்து நிக்கிறேன். பட்ஜெட் ஆன்ரோடு 13 லட்சம், அதுக்கு மேல போனா அப்பா வீட்லயே சேக்க மாட்டாரு.

தினமும் ஓட்டறதுக்கு இதெல்லாம் தாங்குமா? எங்க தெருவுல மட்டும் அடுத்தடுத்து வேகத்தடை இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி வேற, தாழ்வான வண்டின்னா ஏறி இறங்க கஷ்டப்படுவாங்க. அப்புறம் நம்ம ஊர் வெயிலு சொல்லவே வேணாம். ஓட்றவங்க சொல்லுங்க, யூடியூப் ரிவ்யூ எல்லாம் பாத்து முடிச்சாச்சு, அவனுங்க எல்லாம் காலி ரோட்ல ஓட்டிட்டு சூப்பர்னு சொல்லிட்டு போயிடறானுங்க.

சத்துவாச்சாரி_150:

ப்ரோ, நான் ஓட்டறது விர்ட்டஸ் 1.5 மேனுவல், சத்துவாச்சாரிலேர்ந்து டெய்லி. 150 பிஎஸ் பவர், 250 நியூட்டன் மீட்டர் இழுவை, பேப்பர்ல பாத்து மயங்கித்தான் எல்லாரும் வாங்கறோம், ஆனா டெய்லி ஓட்டத்துல அந்த பவர் எப்ப வெளிய வருதுன்னு பாத்தீங்கன்னா பள்ளிகொண்டா டோல் தாண்டி லாரி ரெண்டு பக்கம் பக்கமா போயிட்டு இருக்கறப்ப ஒரு கேப் கிடைக்கும் பாருங்க, அங்கதான். மத்த நேரம் எல்லாம் கிரீன் சர்க்கிள்ல பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துட்டு இருப்பீங்க. அதனால முதல்ல பாக்க வேண்டியது கிளட்ச் எவ்ளோ லைட்டா இருக்குன்னுதான், பவர் எல்லாம் அப்புறம்.

வேகத்தடை பத்தி கேட்டீங்கல்ல, இதுல ஒரு விஷயம் நிறைய பேர் கவனிக்கிறதில்ல. விர்ட்டஸ் கிரவுண்ட் கிளியரன்ஸ் 179 மில்லிமீட்டர்னு போட்டிருக்கும், அது ஆளே இல்லாத வண்டிக்கு. நாலு பேர் உக்காந்து டிக்கில லக்கேஜும் ஏறுச்சுன்னா பின்னாடி நல்லா அமுங்கிடும். அதோட வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்குற தூரம், நீளம், 2651 மில்லிமீட்டர், முன் சக்கரம் மேட்டுலேர்ந்து இறங்கி பின் சக்கரம் இன்னும் ஏறாம இருக்குற அந்த நேரத்துல நடு வயித்துல கர்ர்னு ஒரு சத்தம் வரும், நமக்கு உயிரே போயிடும். ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி கட்டினா வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும், அப்படி இருந்தா எந்த காரும் தட்டாது. நம்ம தெருவுல ஆளாளுக்கு ராத்திரில சிமெண்ட் கொட்டி வச்சிருக்கறதுக்கு எந்த விதியும் கிடையாது, ஒரு அடி அகலத்துல செங்குத்தா நிக்கும். அதுல ஏத்தறப்ப நான் பண்றது, மேட்டுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சு வேகத்த கொன்னுட்டு சக்கரம் ஏறறப்ப பிரேக்க விட்டுடுவேன், ஏன்னா பிரேக் மிதிச்சுட்டே ஏறினா மூக்கு குனியும், கீழ் பம்பர் போய் உரசும். ரோடு காலியா இருந்தா கொஞ்சம் சாய்வா, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்தி இறக்கலாம். பழகிடுச்சுன்னா கை தானா பண்ணும்.

இன்னொண்ணு, ஷோரூம் விட்டு வந்ததும் 17 இஞ்ச் அலாய் மாத்தறேன்னு போயிடாதீங்க. கம்பெனி குடுத்த 205/55 ஆர்16 டயர்ல பக்கவாட்டு ரப்பர் 11 சென்டிமீட்டர் கிட்ட வரும், நம்ம ஊர் பள்ளத்த தாங்கறது அந்த ரப்பர்தான். அத ஒல்லியாக்கிட்டு அப்புறம் ரிம் வளைஞ்சுடுச்சுன்னு அழறதுல என்ன இருக்கு.

மைலேஜ் பெருசா பயப்பட வேணாம், ஹைவேல சீரா போனா இந்த இன்ஜின் நாலு சிலிண்டர்ல ரெண்ட தானாவே நிறுத்திடும். டவுன்ல மட்டும் பெட்ரோல் முள்ள பாக்காதீங்க.

பாலாறு_மணல்:

எல்லாம் சரி, ஓட்டறதுக்கு ரோடு எங்க ப்ரோ இருக்கு? அந்த 13 லட்சத்துல பாதிக்கு ஒரு நல்ல ஸ்விஃப்ட் மேனுவல் வாங்குங்க, வண்டி லைட்டு, வளைவுல பொம்மை மாதிரி திரும்பும், எங்க போனாலும் சர்வீஸ் கிடைக்கும். மிச்ச காசுல எப்பயாச்சும் ட்ராக் டே, அதாவது நம்ம காரையே ரேஸ் ட்ராக்ல ஓட்ட விடற நாள், நடக்கறப்ப இருங்காட்டுக்கோட்டை போய் ஓட்டுங்க. 3.7 கிலோமீட்டர் ட்ராக், நம்ம ஊர்லேர்ந்து நூறு கிலோமீட்டர் சுமாரு. அங்க அடிக்கலாம், எதிர்ல மாடு வராது. ஹைவேல 150 பிஎஸ் வச்சுட்டு வேகம் காட்டறவன பாத்தா எனக்கு எரிச்சல்தான் வருது, லெஃப்ட்ல டூவீலர் ராங் சைடுல வந்துட்டு இருப்பான், அது தெரியாதா?

சத்துவாச்சாரி_150:

ஸ்விஃப்ட் நல்ல வண்டிதான், இல்லன்னு சொல்லல. ஆனா அவருக்கு ஓட்டறப்ப தூக்கம் வருதுன்றாரு, நீங்க மறுபடி தூக்க மாத்திரையே எழுதி தரீங்க 😄

ஆற்காடு_அண்ணாத்த:

தம்பி, நா வொர்க் ஷாப் வச்சிகினு கீறேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன். அபார்த் புன்டோ 145 குதிர, அந்த காசுக்கு அப்ப வேற எந்த வண்டிலயும் அந்த இழுவை கெடையாது, ஸ்டியரிங்கு கைல பேசும். ஆனா ஃபியட்டு இந்தியாவுல கார் விக்கறதையே நிறுத்திட்டான். இன்ஜின் சாமான் லீனியா டி-ஜெட்டோட கொஞ்சம் ஒத்து போவும், ஆனா கண்ணாடி, பம்பர், உள்ள கீற பிளாஸ்டிக்கு இதெல்லாம் ஒடஞ்சா தேடிகினு அலையணும். ரெண்டாவது வண்டியா வச்சிக்கோ, ஞாயித்துகெழம தொடச்சி எடுத்துகினு போ. டூட்டிக்கு போற வண்டி அது இல்ல பா.

போலோ ஜிடி டிஎஸ்ஐ எடுக்கறன்னா அதுல ரெண்டு வகை கீது, குழப்பிக்காத. 2013ல வந்தது 1.2 இன்ஜினு, ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்கு. 2020ல வந்தது 1.0 இன்ஜினு, ஆறு கியர் சாதா ஆட்டோமேட்டிக்கு, டார்க் கன்வெர்ட்டரு, கிளட்ச் தட்டுக்கு பதிலா ஆயில் மூலமா பவர் போவும். டிராஃபிக்குல டெய்லி ஓட்ட பின்னாடி வந்ததுதான் நிம்மதி.

எந்த பழைய வண்டிய பாக்க போனாலும் காலைல போ, அவன் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வெக்கறதுக்கு முன்ன போ. பானட்ட தொட்டு பாரு, சூடா கீதுன்னா ஏன்னு கேளு. அப்பறம் வெக்கப்படாம தரைல ஒரு அட்டைய போட்டு படுத்து அடில டார்ச்சு அடி. வேகத்தடைல தட்ன கோடு நீட்டா வெள்ளையா தெரியும், சைலன்சர் பைப்பு நசுங்கி கீதா, அடி பிளாஸ்டிக்கு கிளிப்பு அறுந்து கம்பில கட்டி வச்சிருக்கானான்னு பாரு. டயர வெளி பக்கம் பாத்துட்டு வந்துடாத, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சி உள்பக்கம் கைய விட்டு தடவு. உள்பக்கம் மட்டும் வழவழன்னு தேஞ்சிருந்தா அலைன்மென்ட் போயிருக்கு, இல்ல எங்கியோ இடிச்சி கீறான். ஸ்போர்ட்டு வண்டி ஓட்ன பசங்க ரீமேப் பண்ணிட்டு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி பவர ஏத்திட்டு, விக்கறப்ப பழையபடி மாத்தி வெப்பானுங்க, அதனால ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட்டு எல்லாம் கம்பெனி சாமானா பாரு. சர்வீஸ் பில்லு இல்லாத டர்போ வண்டிய ஓசில குடுத்தாலும் வாணாம்.

ஆம்பூர்_டு_பெங்களூர்:

நான் டர்போ ஹேட்ச்பேக் ஆட்டோமேட்டிக் ஓட்டறேன், வாரக்கடைசில ஆம்பூர், வாரநாள்ல பெங்களூர். கியர்பாக்ஸ் பத்தி அண்ணன் சொன்னதோட கொஞ்சம் சேத்து சொல்றேன். விர்ட்டஸ் 1.5ல வர்ற டிஎஸ்ஜியும் சரி, ஐ20 என் லைன்ல வர்ற டிசிடியும் சரி, ரெண்டுமே ட்ரை டூயல் கிளட்ச். கிளட்ச் தட்ட குளிர வைக்க ஆயில் கிடையாது. பிரேக்க பாதி பாதியா விட்டு விட்டு இஞ்ச் இஞ்சா ஊர்ந்தீங்கன்னா கிளட்ச் பாதி புடிச்சு பாதி வழுக்கிட்டே இருக்கும், சூடு ஏறும், அதுவும் மே மாச மத்தியானத்துல. முன்னாடி வண்டி ஒரு காருக்கு இடம் விட்டதும் மொத்தமா நகருங்க, இல்லனா பிரேக்க நல்லா மிதிச்சு நில்லுங்க. கேப் விட்டா ஆட்டோ பூந்துடுவான்னு சொல்வீங்க, பூந்துட்டு போகட்டும், கிளட்ச் செலவ அவனா தரப்போறான்?

வெயில்ல டர்போ வண்டி கொஞ்சம் மந்தமாதான் இருக்கும். உள்ள போற காத்தே சூடு, அடர்த்தி கம்மி, இன்ஜின் நாக் ஆகாம, அதாவது உள்ள பெட்ரோல் தாறுமாறா வெடிக்காம இருக்க கம்ப்யூட்டரே தீப்பொறி டைமிங்க பின்னால இழுத்துக்கும். டிராஃபிக்ல ரொம்ப நேரம் நின்னுட்டு கிளம்புறப்ப நல்லாவே தெரியும், ஹைவேல கொஞ்ச தூரம் காத்து பட்டா சரியாயிடும். வண்டில கோளாறுன்னு நினைச்சு சர்வீஸ் சென்டர் ஓடாதீங்க.

வரி கணக்கு யாருமே சொல்லல. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி மாத்தினாங்கல்ல, நாலு மீட்டருக்குள்ள, 1200 சிசிக்குள்ள இருக்குற பெட்ரோல் கார்க்கு 18 சதவீதம், அத தாண்டினா 40. ஐ20 என் லைன் 998 சிசி, நீளமும் நாலு மீட்டருக்குள்ள, அதனால 18ல வந்துடும். விர்ட்டஸ் 40ல. நம்ம தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ் தனி, 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதுக்கு மேல 20 லட்சம் வரைக்கும் 18. வேரியன்ட் விலை 10 லட்சத்த ஒட்டி இருந்தா எந்த பக்கம் விழுதுன்னு கேட்டுட்டு புக் பண்ணுங்க, சன்ரூஃப்க்கு ஆசைப்பட்டு மேல போனா வரில மட்டும் அம்பதாயிரம் கிட்ட கூட போகும்.

அம்மா விஷயத்துக்கு ஸ்பெக் ஷீட் எல்லாம் உதவாது தம்பி. டெஸ்ட் டிரைவ்க்கு அம்மாவையே கூட்டிட்டு போங்க. பின் சீட்ல உக்கார வச்சு இறங்க சொல்லுங்க, இறங்கறப்ப கை எத புடிக்குதுன்னு பாருங்க. முன் சீட்டோட தோள புடிச்சு இழுத்து எழுந்தாங்கன்னா வேணாம்.

காட்பாடி_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி நேத்து அம்மாவ கூட்டிட்டு போனேன். விர்ட்டஸ் பின் சீட்ல உக்காந்ததும் நல்லா சாஞ்சுகிட்டாங்க, கால் நீட்ட இடம் இருக்குன்னாங்க, ஆனா இறங்கறப்ப தலைய குனிஞ்சு, கதவு ஓரத்த புடிச்சு, ரெண்டு தடவ முயற்சி பண்ணிதான் எழுந்தாங்க. ஐ20ல முன் சீட்ல உக்கார வச்சப்ப இறங்கறதுக்கு கால வெளிய வச்சு நேரா நின்னுட்டாங்க. இடுப்புக்கு கொஞ்சம் ஆட்டம் தெரியுதுடான்னாங்க, சஸ்பென்ஷன் கெட்டியாதான் இருக்கு, ஆனா எங்க தெரு வேகத்தடைல மூணு பேரோட ஏறி பாத்தேன், தட்டல. சேல்ஸ் தம்பிதான் பயந்துட்டான்.

ஆறு கியர் மேனுவல் கிளட்ச் வெண்ணெய். 120 பிஎஸ் கம்மியா இருக்குமோன்னு நினைச்சேன், வண்டி வெயிட் கம்மிங்கறதால செகண்ட் தேர்டுல ஜிவ்வுனு போகுது, எனக்கு இது போதும். 10 லட்சத்துக்குள்ள வர்ற வேரியன்ட்தான் பாக்கறேன். அப்பா மட்டும் சிவப்பு வேணாம், போலீஸ் நிறுத்துவான்றாரு, அத வீட்ல பேசி பாக்கணும்.

பாலாறு மணல் ப்ரோ, ட்ராக் ஐடியா நிஜமாவே புடிச்சிருக்கு. ஆனா வண்டி எடுத்ததும் முதல்ல ஏலகிரிதான், 14 ஹேர்பின்னும் ஏறி பாத்துடணும்.

ஆற்காடு_அண்ணாத்த:

புது வண்டிய எடுத்த அன்னிக்கே மலைல ஏத்தி சாவடிக்காத பா. மொத ஆயிரம் கிலோமீட்டரு அடக்கி ஓட்டு, ஒரே வேகத்துல புடிச்சிகினு போவாத, ஏத்தி எறக்கி ஓட்டு, ஆர்பிஎம் முள்ள ரெட் லைன் பக்கம் வுடாத. சிப்காட்டுக்கு போய் வந்தாலே ஒரு மாசத்துல அது ஓடிடும். அப்பறம் ஏலகிரி போ. மேல போய் நின்னதும் டக்குனு ஆஃப் பண்ணாத, ஒரு நிமிசம் ஐடில்ல வுடு, டர்போ ஆறட்டும். எறங்கறப்ப பிரேக்க மிதிச்சிகினே வராத, செகண்டு கியருல வுட்டு இன்ஜின்லயே புடி.

ஆம்பூர்_டு_பெங்களூர்:

ஞாயித்துக்கிழமை மட்டும் போயிடாதீங்க, டூரிஸ்ட் வேன் பின்னாடியே பதினாலு வளைவும் ஃபர்ஸ்ட் கியர்ல ஏற வேண்டியதுதான். வாரநாள்ல லீவ் போட்டு காலைல ஆறு மணிக்கு அடிவாரத்துல இருங்க.

காட்பாடி_பையன்:

லீவ் எழுதி குடுத்தாச்சு அக்கா, இனி வண்டிதான் வரணும் 😂