ஒரே லென்ஸ்: 18-135ஆ, 18-400ஆ?

ஒத்தக்கடையான்: கேனன் 200டி கேமரா வச்சிருக்கேன். நாயக்கர் மஹால், கீழக்குயில்குடி சமணர் மலை, தை மாசம் அலங்காநல்லூர், எல்லாத்துக்கும் ஒரே லென்ஸ் வேணும். பஸ்ல போறவன், ட்ரைபாட் தூக்க மாட்டேன். கேனன் 18-135 எம்எம் ஐஎஸ்ஸா, டாம்ரான் 18-400 எம்எம் விசியா? (ஐஎஸ், விசி ரெண்டும் ஸ்டெபிலைசேஷன்தான்.)

செல்லூர் அண்ணன்: தம்பி, ஸ்டெபிலைசேஷன் உங்க கை நடுக்கத்தைத்தான் அடக்கும், காளையை அடக்காது. மஹால் நிழல்ல 18 எம்எம்ல ஷட்டர் வேகம் 1/10 செகண்ட் வச்சாலும் தூண் கூர்மையா விழும். வாடிவாசல்ல 1/1000 வேணும். அதுக்கு ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணர்திறனை, ஏத்தித்தான் ஆகணும். டாம்ரான் 400ல எஃப் 6.3, வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள வரும், எடையும் 700 கிராமுக்கு மேல. கழுத்து உங்களோடது.

வைகைக்கரை: கேலரியில நின்னா அந்தத் தூரத்துக்கு 135 பத்தாதுண்ணே. கூட ஒரு 55-250 ஐஎஸ், செகண்ட் ஹேண்டுல பாருங்க.

ஒத்தக்கடையான்: அந்தப் புழுதியில லென்ஸ் மாத்தினா சென்சார் என்னாகும்? 18-135 வாங்கிடறேன். 24 மெகாபிக்சல் இருக்கே, காளையை க்ராப் பண்ணிக்கலாம்.